முதல் கிட்டார்: கம்பியின் உயரம் முதல் பாடுபவரின் கட்டை வரை

கிருஷ்ணகிரியில் மாம்பழத்தை முகர்ந்து பார்க்காமல் எவரும் வாங்குவதில்லை. காம்பைத் திருப்பிப் பார்த்து, இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்து, அதன் பிறகுதான் விலையே பேசுவோம். அதே ஊர்க்காரர்களாகிய நாம் கிட்டாரை மட்டும் கைப்பேசியில் படத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் 3,500 ரூபாய்க்கு ஒன்றை வரவழைத்தேன். ஆறு வாரம் விரல் நுனி கன்றிப்போகுமளவு முயன்றும், பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டான கார்டு ஒன்றுகூடத் தெளிவாக ஒலிக்கவில்லை. எனக்கு இசை வராது என்று முடிவுகட்டி, அதைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். நான்கு மாதம் கழித்து, தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் அண்ணன் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது அதை இறக்கச் சொன்னார். கம்பிக்கும் கழுத்துப் பலகைக்கும் இடையே ஓர் இரும்பு ஸ்கேலை நிறுத்திப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கிட்டார் இல்ல, துணி காயப்போடுற கொடி" என்றார். இடைவெளி 5 மில்லிமீட்டர் இருந்தது.

தொடக்கக்காரர் பலர் முதல் இரண்டு மாதத்திலேயே கைவிடுவதற்குத் திறமைக் குறைவைவிடக் கம்பியின் உயரமும் சேராத சுருதியுமே காரணம் என்று நான் நம்புவதால், கார்டுகளுக்குப் போகுமுன் இவ்விரண்டையும் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எவ்வகைக் கிட்டார் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் ஆறு கம்பிகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 40 கிலோ. எஃகுக் கம்பி போட்ட அக்கூஸ்டிக்கில் அது 70 கிலோவை ஒட்டி இருக்கும். ஆகவே நைலான் விரலுக்கு இதம். ஆனால் அதன் கழுத்து அகலமானது, ஒலியும் மென்மையானது. திரைப்பாடலுக்கும் கீர்த்தனைக்கும் கூடவே வாசிக்க விரும்புவோருக்கு எஃகுக் கம்பியே பொருந்தும். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் கிரேடு தேர்வு எழுத எண்ணுவோருக்கு நைலான்தான் வழி. எஃகுக் கம்பியை எடுப்பவர்கள், முதல் கம்பி 10 அல்லது 11 அளவில் உள்ள மெல்லிய செட்டைக் கேட்டு வாங்குவது நல்லது. அந்த எண் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கணக்கிட்டு வருவது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முக்கால் அளவுக் கிட்டார் போதும்.

வாங்குவதற்கு ஓசூர்க்காரர்கள் நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் பெங்களூருக்கும், தர்மபுரிக்காரர்கள் சேலத்துக்கும் போய்வருவது வழக்கம். பேருந்துச் செலவைப் பார்க்காமல் நேரில் போய்க் கையில் வாங்கிப் பாருங்கள். சட்டைப்பையில் ஓர் இரும்பு ஸ்கேல் இருக்கட்டும். பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன்னால் சிறிது வெற்றிடம் இருப்பதால் அளவு தவறும். இரும்பு ஸ்கேல் பெரும்பாலும் விளிம்பிலேயே தொடங்கும். விரல்பலகையில் இரட்டைப் புள்ளி வைத்திருக்கும் 12ஆம் ஃப்ரெட்டைக் கண்டுபிடித்து, அந்த உலோகப் பட்டையின் மேற்புறத்திலிருந்து கம்பியின் அடிப்புறம் வரை அளந்து பாருங்கள். எஃகுக் கம்பிக் கிட்டாரில் தடித்த ஆறாம் கம்பிக்கு 2.5 மில்லிமீட்டரும், மெல்லிய முதல் கம்பிக்கு 2 மில்லிமீட்டரும் இருந்தால் மிக நன்று. 3 வரை பொறுத்துக்கொள்ளலாம். 4ஐத் தாண்டினால் அந்தக் கிட்டாரை அப்படியே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். அடுத்து, ஒவ்வொரு கம்பியையும் மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். கம்பிக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவுக்கு மேல் இடைவெளி தேவையில்லை. கடைசியாக, உள்ளங்கையைக் கழுத்தின் ஓரமாக ஓட்டிப் பாருங்கள். மரம் காய்ந்து சுருங்கியிருந்தால் ஃப்ரெட்டின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். நம் பக்கத்து வறண்ட சித்திரை வெயிலில் நல்ல கிட்டாருக்கே இது நேர்வதுண்டு. அதனால் ஜன்னல் ஓரத்திலோ, வெயிலில் நிற்கும் காரிலோ அதை விட்டுவைக்காதீர்கள்.

ஏற்கெனவே கம்பி உயரமான கிட்டாரை வாங்கிவிட்டவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. உடலின் மேல் கம்பிகள் தாங்கி நிற்கும் சிறிய வெள்ளைத் துண்டுக்கு சேடில் என்று பெயர். கம்பிகளைத் தளர்த்தி, ஒட்டியிராத சேடிலாக இருந்தால் இடுக்கியால் மெல்ல மேலே இழுத்தால் கழன்று வந்துவிடும். அதன் அடிப்பகுதியைத்தான் தேய்க்க வேண்டுமே தவிர, கம்பி படும் மேற்பகுதியைத் தொடவே கூடாது. அடிப்பகுதி கண்ணாடிபோல் தட்டையாக இல்லாவிட்டால் ஒலி செத்துவிடும். இந்த ஒரு காரியத்துக்கு நம் ஊர் கொடுத்து வைத்தது. சமையலறை மேடையின் கிரானைட் கல்மேல் உப்புத்தாளை நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டி, சேடிலைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரே சீராக முன்னும் பின்னும் இழுத்தால் போதும். சேடிலில் 1 மில்லிமீட்டர் குறைத்தால் 12ஆம் ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர்தான் குறையும் என்பதை மறவாதீர்கள். கொஞ்சம் தேய்த்து, மாட்டி, அளந்து, மறுபடியும் தேய்ப்பதே முறை. தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராடு கழுத்தின் வளைவைச் சரிசெய்வதற்கானது; கம்பியின் உயரத்தைக் குறைக்க அதைத் திருகுவது தவறு, அனுபவம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள். என் கொடிக்கம்பி இப்படித்தான் இரண்டே முக்கால் மில்லிமீட்டருக்கு இறங்கிக் கிட்டாராக மாறியது.

இனி சுருதி. தடித்த கம்பியிலிருந்து மெல்லியது வரை இ, ஏ, டி, ஜி, பி, இ என்பது உலகெங்கும் உள்ள பொது வழக்கம். ஆர்மோனியத்தோடு பழகியவர்களுக்கு இதைக் கட்டையில், அதாவது சி-யை ஒன்று என்று வைத்து எண்ணும் சுருதி எண்ணில், சொன்னால் எளிதில் பதியும்: மூன்று, ஆறு, இரண்டு, ஐந்து, ஏழு, மூன்று. கைப்பேசியில் கிடைக்கும் டியூனர் செயலி எழுத்தைக் காட்டிவிடும். ஆனால் பல செயலிகள் எந்த ஸ்தாயி என்பதைப் பளிச்சென்று காட்டுவதில்லை. அதனால் கீழ் ஸ்தாயிக்குப் பதிலாக மேல் ஸ்தாயியை நோக்கி முறுக்கிக்கொண்டே போய்க் கம்பியை அறுத்துக்கொள்பவர்கள் உண்டு. எண் காட்டும் செயலியானால் வரிசையாக 82, 110, 147, 196, 247, 330 ஹெர்ட்ஸ் என்பவற்றை ஒட்டி நிற்க வேண்டும். சுருதி ஏறிப்போய்விட்டால் அப்படியே இறக்கி நிறுத்தாமல், தேவைக்குக் கீழே இறக்கிவிட்டு மீண்டும் ஏற்றி நிறுத்துங்கள். அப்போதுதான் கம்பியை முறுக்கும் ஆணியில் தொய்வு தங்காது. செயலி இல்லாமலும் சேர்க்கப் பழகுங்கள்: ஆறாம் கம்பியை ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் வரும் ஒலியே திறந்த ஐந்தாம் கம்பியின் ஒலி, அடுத்தடுத்த கம்பிகளுக்கும் அதே ஐந்தாம் ஃப்ரெட்தான், மூன்றாம் கம்பியிலிருந்து இரண்டாவதைச் சேர்க்கும்போது மட்டும் நான்காம் ஃப்ரெட். இந்தப் பழக்கம் ஒரே மாதத்தில் காதைத் தீட்டிவிடும்.

இடது கை நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். விரல் நுனியை ஃப்ரெட்டின் மேலேயும் வைக்காமல், இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவிலும் வைக்காமல், உடலை நோக்கியுள்ள ஃப்ரெட்டுக்குச் சற்று முன்னால் ஒட்டி வைத்தால் பாதி வலுவில் இரட்டிப்புத் தெளிவு கிடைக்கும். கட்டைவிரல் கழுத்தின் பின்புறம் தளர்வாக இருக்கட்டும். நுனித்தோல் தடிக்க மூன்று, நான்கு வாரமாகும். குளித்த கையோடும் பாத்திரம் துலக்கிய கையோடும் உட்காராதீர்கள். ஊறிய தோலைக் கம்பி வெட்டும். நாளொன்றுக்குக் காலையில் பத்து நிமிடம், இரவில் பத்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் அமர்வதால் கிடைப்பது வலிதான்.

கார்டுகளில் முதலாவது இ மைனர்: நடுவிரல் ஐந்தாம் கம்பியில் இரண்டாம் ஃப்ரெட், மோதிரவிரல் நான்காம் கம்பியில் இரண்டாம் ஃப்ரெட், அவ்வளவுதான், ஆறு கம்பியையும் மீட்டலாம். அடுத்தது ஏ மைனர்: ஆட்காட்டிவிரல் இரண்டாம் கம்பியில் முதல் ஃப்ரெட், நடுவிரல் நான்காம் கம்பியிலும் மோதிரவிரல் மூன்றாம் கம்பியிலும் இரண்டாம் ஃப்ரெட், ஆறாம் கம்பியைத் தொடாமல் ஐந்திலிருந்து மீட்ட வேண்டும். இப்போது மோதிரவிரலை மட்டும் எடுத்து ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வையுங்கள்; மற்ற இரண்டு விரலும் அசையாமல் இருக்க, சி மேஜர் வந்துவிட்டது. இந்த ஒரு விரல் பயணத்தைத்தான் முதல் வாரம் முழுதும் செய்ய வேண்டும். ஒரு நிமிடத்துக்குக் கடிகாரத்தை வைத்து எத்தனை முறை மாற்றினீர்கள் என்று எண்ணி எழுதிவையுங்கள். எட்டில் தொடங்கி முப்பதைத் தொடும்போது பாட்டுக்குத் தயாராகிவிட்டீர்கள். கைமாற்றம் இல்லாமல் இருபது கார்டின் படத்தை மனப்பாடம் செய்வது, நீச்சல் தெரியாமல் ஒகேனக்கல்லின் ஆழத்தை அளப்பதுபோல. ஜியும் டியும் இதன் பிறகு வரட்டும். எஃப் கார்டுக்கு அவசரமே வேண்டாம். அதற்கு ஆறு கம்பியையும் ஒரே விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும்; அந்தப் பலம் வர மூன்று மாதமாவது ஆகும்.

தாளத்துக்கு மேல்நாட்டுக் குறியீட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. சீரான இடைவெளியில் தட்டொலி எழுப்பும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு ஒருமுறை கீழ்நோக்கி மீட்டுங்கள். பிறகு ஒரு தட்டுக்குள் "தக", அடுத்த தட்டுக்குள் "திமி" என்று வாய்விட்டுச் சொல்லி, த-வுக்கும் தி-க்கும் கீழே, க-வுக்கும் மி-க்கும் மேலே கையை ஓட்டுங்கள். கம்பியைத் தொடாத இடத்திலும் கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று எண்ணிக்கைப் பாட்டானால் "தகிட". கார்டு மாற்றத்தில் விரல் தடுமாறினாலும் வலது கையை நிறுத்தாதீர்கள். தவறிய சுரத்தைக் கேட்பவர் மன்னிப்பார், நின்றுபோன தாளத்தை மன்னிக்க மாட்டார்.

வீட்டில் ஒருவர் பாட, நீங்கள் வாசிக்கும் நாள் வந்ததும் ஒரு கேப்போ வாங்கிக்கொள்ளுங்கள்; கழுத்தில் மாட்டி, எல்லாக் கம்பியையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி அது. நம் பாடகர்கள் "எனக்கு ஐந்தரைக் கட்டை" என்று சொல்வார்களே தவிர, ஜி ஷார்ப் என்று சொல்லமாட்டார்கள். கேப்போவில் ஒரு ஃப்ரெட் என்பது அரைக் கட்டை. ஜி என்பது ஐந்து கட்டை என்பதால், முதல் ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டி, ஜி-யை ஆதார சுருதியாகக் கொண்ட ஜி வரிசைக் கார்டுகளையே வாசித்தால் ஐந்தரை, இரண்டாம் ஃப்ரெட்டில் மாட்டினால் ஆறு. சி வரிசையில் தொடங்கினால் ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று அதே கணக்கு ஏறும். ஆனால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவிலும், ஏழுக்கும் மேல் ஒன்றுக்கும் நடுவிலும் ஒரே ஃப்ரெட்தான் உள்ளது. மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது, ஏழரை ஜாதகத்தில் மட்டுமே உண்டு. ஆகவே நான்கு கட்டையில் பாடுபவருக்கு டி வரிசைக் கார்டுகளை எடுத்து, மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டுங்கள். மாட்டியபின் ஒருமுறை சுருதியைச் சரிபார்த்துவிட்டு, முதல் கார்டை ஒரு முறை மீட்டிப் பாடுபவரின் காதுக்குக் கொடுத்து, அவர் தலையசைத்த பிறகு தொடங்குங்கள்.