குவாரி வருமுன் கிணறையும் கல்மண்டபத்தையும் அளந்து வைப்பது

நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் வேலை நடக்கும். கரி எடுத்த வெற்றிடம் அமர்ந்தால் மேலே நிலமும் அமரும். திருநெல்வேலிப் பக்கம் கரி இல்லை. ஆனால் ஆழமான கல்குவாரிக்குள் ஊறும் நீரையும் இறைத்துத்தான் ஆகவேண்டும். நம் பாறையில் நீர் வெடிப்புகளில்தான் ஓடும். வெடிப்பு குவாரியோடு இணைந்திருந்தால் தூரத்துக் கிணறுகூட வற்றும், பக்கத்துக் கிணறு தப்பும்.

குவாரி தொடங்க ஒரு வருடம் முன்பே கிணற்று நீர்மட்டத்தை அளக்க ஆரம்பியுங்கள். கார், பிசானம் என்ற நெல் பருவங்கள், வடகிழக்கு மழை எல்லாம் அதற்குள் அடங்கும். கிணற்றுச் சுவரில் பெயிண்டால் ஒரு குறி. எப்போதும் அங்கிருந்தே அளவு. எடை கட்டிய டேப்பின் கடைசி ஒரு மீட்டரில் சாக்பீஸ் பூசி இறக்கினால் நனைந்த கோடு தெளிவாகத் தெரியும். இரவு முழுக்க மோட்டார் நிறுத்தி, விடிகாலையில், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடினால் அந்த அளவு வீண்.

குவாரி பாதிப்பு எட்டாத தூரத்தில் இன்னொரு கிணறையும் அளந்து வாருங்கள். அது இல்லாவிட்டால் 'மழை பொய்த்தது' என்று சொல்லிக் குவாரிக்காரர்கள் தப்பிவிடுவார்கள். மழைமானி பதிவும் வேண்டும்.

குவாரி வெடியில் விரிசல் கூடியதா என்று பின்னால் தெரிய, மண்டபத்து விரிசலின் இருபுறமும் பென்சிலால் புள்ளி வைத்து, வெர்னியரால் (நுண்ணிய இடைவெளி அளக்கும் கருவி) மாதமொருமுறை இடைவெளி பாருங்கள். வெயிலில் கல் விரியும், ஆகவே நேரம் மாறக்கூடாது. கல்வெட்டின் மேல் புள்ளியோ பசையோ கூடாது; சாய்ந்த வெளிச்சத்தில் அளவுகோலோடு படமெடுத்தால் போதும்.

மத்தியத் தொல்லியல் துறை காக்கும் சின்னமென்றால் சுற்றிலும் 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி (அனுமதி பெற்றே வேலை). ஊர்க் கோயில்களுக்கு அந்த வேலி தானாக வராது.