சிரசுக்கு யார் யார் வர்றாங்க?

எச்.ஐ.வி.க்கு மருந்து தருகிற எங்கள் ஏ.ஆர்.டி. மையத்தில் புதிதாகச் சேர்ந்த ஆலோசகர் பெண் போன வாரம் என்னிடம் கேட்டாள்: "நான் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிட்டுப் போயிடறாங்கக்கா. உங்ககிட்ட மட்டும் எப்படிப் பேசறாங்க?" அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வேலூர் பக்கம் குடியாத்தத்துக்காரி. வயிற்றில் பிள்ளை இருந்தபோது, ரத்தம் சோதித்து ஆலோசனை சொல்கிற நம்பிக்கை மையத்தில் எனக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. பதினேழு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன். அதில் பாதிக் காலம் மற்றவர்களுக்குத் துணையாளாக வேலை.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்று கேட்காதீர்கள். அதற்கு "போடறேங்க" என்பதைத் தவிர வேறு பதில் வராது. "எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு விட்டுப்போகும். போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். எண்ணிக்கை வரும், பின்னாலேயே காரணமும் வரும். நமக்கு வேண்டியது அந்தக் காரணம்தான்.

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிற ஒரு தங்கச்சிக்கு ராத்திரி ஒன்பது மணிக்குப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் இருப்பது ஒரே அறை. ஒன்பது மணிக்கு மாமியார், கொழுந்தன், பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான். எப்படிப் போடுவாள்? இப்போது பெரும்பாலோருக்குத் தருகிற டி.எல்.டி., மூன்று மருந்து ஒன்றாகச் சேர்ந்தது, ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. சாப்பிட்டுவிட்டும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம், தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும். "நீ மட்டும் முழிச்சிருக்கிற நேரம் எது?" என்று கேட்டேன். விடியற்காலை தண்ணீர் பிடிக்கிற நேரம் என்றாள். முடிந்தது வேலை.

அப்புறம் புட்டி. குலுங்கினால் சத்தம் வரும். உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்தால் அடங்கும். சிலர் காகிதத்தில் மடித்து முந்தானையில் முடிந்துகொள்வார்கள். ஈரம் பட்டால் மாத்திரை கெட்டுப்போகும் என்பது உண்மைதான். அதைச் சொல்வதற்கு முன்னால், வீட்டில் யார் யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள்.

வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்பதையும் விடக் கூடாது. நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் குடிப்பதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. டி.எல்.டி. போட்டு 2 மணி நேரம் கழித்துத்தான் அதைக் குடிக்கணும். முதலில் குடித்துவிட்டால் மாத்திரைக்கு 6 மணி நேரம் பொறுக்கணும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளைச் சோற்றோடு என்றால் டி.எல்.டி.யுடன் சேர்த்தே போடலாம்.

போன் செய்வதாக இருந்தால், யார் எடுப்பார்கள், என்ன பேர் சொல்லிப் பேசணும் என்று முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் சிலருக்கு சீட்டுக்கார அக்கா, சிலருக்கு டெய்லர்.

என் பிரசவத்தின்போது ஒரு ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் பெரிதாக எழுதிக் கட்டிலில் தொங்கவிட்டார்கள். பார்க்க வந்த நாத்தனார் முதலில் அதைப் படித்தாள், அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். இப்போது சட்டம் இருக்கிறது. 2017-ல் போட்டு, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவர் நிலையை வெளியே சொல்லக் கூடாது. சட்டம் தெரிந்தவர்களே வராந்தாவில் சத்தமாகப் பேசுவதை இன்றைக்கும் பார்க்கிறேன். 1986-ல் சென்னையில் எடுத்த ரத்தத்தை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்துத்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதே முதலில் தெரிந்தது. அப்படிப்பட்ட ஊர் இது, இன்னும் கூச்சப்படுகிறோம்.

ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற வைரல் லோடு சோதனையின் முடிவை வெறும் எண்ணாகப் படித்துக் காட்டாதீர்கள். விடாமல் மாத்திரை போட்டு, வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கியே இருந்தால் உடலுறவு வழியாகப் பரவாது. இதைக் கணவன் மனைவி இரண்டு பேரையும் உட்காரவைத்து, அவர்கள் சம்மதித்தால், வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு லாரி டிரைவர் அண்ணன் நான்கு வருஷமாகத் திண்ணையில் படுத்திருந்தார். யாரும் அவரிடம் இதைச் சொல்லவில்லை.

தேதி தவறி வருகிறவர்களைத் திட்டினால் அடுத்த தடவை வரவே மாட்டார்கள். "வந்துட்டீங்களே, அது போதும்" என்று ஆரம்பியுங்கள். முடிந்தால் தவறுவதற்கு முன்பே யோசியுங்கள். எங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வீடு முழுக்க சொந்தக்காரர்கள். போன வருஷம் ஒருத்திக்கு நான்கு நாள் விட்டுப்போனது. புட்டி அரிசி டிரம்மில், டிரம்மை ஒட்டிப் பாய் போட்டுப் பெரியம்மா படுத்துவிட்டாராம். அதனால் இந்த வருஷம் சித்திரையிலேயே அவளைக் கேட்டேன்: "சிரசுக்கு யார் யார் வர்றாங்க? புட்டி எங்கே இருக்கும்?"

"பக்கத்து வீட்டு ஆயாகிட்ட குடுத்து வெச்சிருக்கேன்க்கா. சுகர் மாத்திரைன்னு சொல்லிக்கீறேன்."

சரி என்று எழுதிக்கொண்டேன்.