வீட்டுக் கழிவுநீரை மெம்பரேன் வைத்துச் சுத்திகரிப்பது எப்படி?

மெம்பரேனை, அதாவது மிக நுண்ணிய துளைகள் உள்ள வடிகட்டும் சவ்வை, வாங்குவதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அது கடைசி வேலை. அதற்கு முன்னால் தண்ணீரை எப்படித் தயார் செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது உழைக்கும்.

படி 1: குளியலறை, வாஷ்பேசின், வாஷிங் மெஷின் தண்ணீரை மட்டும் தனிக் குழாயில் பிரித்துவிடுங்கள். கழிப்பறைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். சமையலறைத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு அதிகம், அதையும் தவிர்ப்பது நல்லது.

படி 2: 1 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் வடிகட்டுங்கள். தலைமுடியும் துணிநாரும் மெம்பரேன் இழைகளில் சுற்றிக்கொண்டால் பிரிப்பது பெரும்பாடு. வடித்த தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் சும்மா தேக்கி வைக்காதீர்கள், நாற ஆரம்பித்துவிடும்.

படி 3: தொட்டியில் ஏர் பம்ப் மூலம் இடைவிடாமல் காற்று செலுத்துங்கள். பலரும் தாண்டிப் போகிற படி இது. அல்ட்ராஃபில்ட்ரேஷன் மெம்பரேன் கலங்கலையும் பாக்டீரியாவையும் தடுக்கும், ஆனால் கரைந்திருக்கும் சோப்பும் உப்பும் அதன் வழியே போய்விடும். சோப்பையும் உடல் அழுக்கையும் தின்று தீர்ப்பவை இப்படிக் காற்று கிடைத்தால் தண்ணீரில் வளரும் நுண்ணுயிர்கள்தான். உப்பு மட்டும் அப்படியே இருக்கும். இந்தப் படியை விட்டால், கண்ணாடி போல வந்த தண்ணீர்கூட வைத்திருக்கும்போது நாறும்.

படி 4: தொட்டிக்குள் மூழ்க வைக்கும் குழல் இழை (உள்ளே குழல் போல வெற்றிடமுள்ள மெல்லிய இழைகளாலான) அல்ட்ராஃபில்ட்ரேஷன் மெம்பரேன் போதும். குடிநீர் ஆர்ஓ மெம்பரேன் இங்கே சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அளவுக்கு ஒரு கணக்கு: சதுர மீட்டருக்கு மணிக்கு 10 லிட்டர் என்று வைத்தால், 20 மணி நேரத்தில் 200 லிட்டர். தினமும் 300 லிட்டர் வரும் வீட்டுக்கு 1.5 சதுர மீட்டர் வேண்டும். நான் 2 என்றே எடுப்பேன்.

படி 5: உறிஞ்சும் பம்பை 9 நிமிடம் ஓட்டி 1 நிமிடம் நிறுத்துமாறு டைமர் வையுங்கள். அந்த ஓய்வில், கீழிருந்து வரும் காற்றுக் குமிழிகள் இழைகளில் படிந்ததை உதறிவிடும். முதல் நாளே பிரஷர் கேஜ் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவு தண்ணீருக்கு உறிஞ்சும் அழுத்தம் ஏறிக்கொண்டே போனால் கழுவ வேண்டிய நேரம். வழவழப்புக்கு சோடியம் ஹைப்போகுளோரைட், உப்புப் படிவுக்கு சிட்ரிக் ஆசிட். எவ்வளவு கலப்பது என்பதற்குத் தயாரிப்பாளர் தந்த அளவையே பின்பற்றுங்கள். இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் விஷவாயு கிளம்பும்.

படி 6: வெளிவரும் தண்ணீரில் கொஞ்சம் குளோரின் சேர்த்து கழிப்பறை ஃபிளஷ்ஷுக்குப் பயன்படுத்துங்கள். குடிக்கக் கூடாது. குடிநீர்க் குழாயோடு எங்கேயும் இணையாதபடி வேறு நிறக் குழாய் போடுங்கள். அப்புறம், ஊருக்குப் போகும்போது தொட்டியை வடித்துவிடாதீர்கள்: காய்ந்த மெம்பரேன் பழையபடி தண்ணீர் விடாது.