கதையில சொன்னது எது, சொல்லாம உணர்த்துனது எது? கண்டுபிடிக்கிறது எப்படி

கதையப் படிச்சு முடிச்சுட்டு "சரி, இதுல என்னதான் சொல்ல வர்றாங்க"ன்னு முழிக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். அஞ்சே வரியில ஒரு முழுக்கதை நம்மகிட்ட இருக்கு, குறுந்தொகை 25வது பாட்டு, கபிலர் பாடுனது, அத வச்சே பழகலாம்.

மொதல்ல வெளிப்படையா இருக்குறத மட்டும் உங்க வார்த்தையில சொல்லிப் பாருங்க, கையிலருந்து எதையும் சேக்காதீங்க. ஒரு பொண்ணு தன் காதலனப் பத்திப் பேசுறா: அவன் என்கூட சேர்ந்த அன்னைக்கு அங்க யாருமே இல்ல, கள்வனான அவன் மட்டும்தான், அவனே பொய் சொல்லிட்டா நான் என்ன செய்வேன், ஓடுற தண்ணியில ஆரல் மீனப் பாத்துட்டு தினைத்தாள் (தினைப் பயிரோட தண்டு) மாதிரி சின்னப் பசுங்காலோட ஒரு குருகுப் பறவை நின்னுச்சு. அவ்ளோதான். இத அவசரமா தாண்டிடாதீங்க, தப்பு நடக்குறது பெரும்பாலும் இங்கதான்.

அடுத்து, தேவையில்லாத மாதிரி தெரியுற விவரத்தப் பிடிங்க. யாரும் இல்லன்னு சொன்னவ குருகப் பத்தி ஏன் பேசுறா, அதோட கால் எப்படி இருந்துச்சுன்னு வரைக்கும் ஏன் சொல்றா? சாட்சி யாராவது கிடைப்பாங்களான்னு அந்த நாள மனசுக்குள்ள திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்குறா, கிடைச்சது அந்தப் பறவை ஒண்ணுதான், அதுவும் இவங்களப் பாக்கல, மீனப் பாத்துட்டு இருந்துச்சு, பாத்திருந்தாலும் வந்து பேசப்போறது இல்ல. "பயமா இருக்கு"ன்னு ஒரு எடத்துலயும் அவ சொல்லல, ஆனா பாட்டு பூரா பயம்தான், எனக்கு ஒவ்வொரு தடவ படிக்கிறப்பவும் மனசு கனத்துப் போகும். இப்படி உள்ள வச்சு உணர்த்துறதுக்கு தொல்காப்பியம் உள்ளுறை, இறைச்சின்னு தனித்தனியா பேரே வச்சிருக்கு.

மூணாவதுதான் முக்கியம், நீங்க கண்டுபிடிச்ச அர்த்தத்துக்கு பாட்டுல எந்தச் சொல்லு ஆதாரம்னு விரல் வச்சுக் காட்டணும். "அவன் ஏமாத்திட்டான்"னு நிறைய பேர் சொல்வாங்க, ஆனா பாட்டுல இருக்குறது "பொய்ப்பின்", அதாவது பொய் சொன்னா, இன்னும் அவன் சொல்லல. அந்த "அப்படி ஆயிட்டா என்ன பண்றது"ங்குற தவிப்புதான் கதை, ஏமாத்திட்டான்னு முடிச்சுட்டா அது போயிடும். இரைக்காக நிக்கிற குருகு மாதிரிதான் அவனுமோன்னு கேக்கலாம், அதுக்கு "ஆரல் பார்க்கும்"னு ஆதாரம் இருக்கு, அதனால நான் ஏத்துப்பேன்.

இப்போ வர்ற சிறுகதைக்கும் இதே வழிதான். அப்பா வண்டி சத்தம் கேட்டதும் அம்மா டிவிய நிறுத்துறாங்கன்னு வந்தா உடனே "அம்மாவுக்கு பயம்"னு எழுதிடாதீங்க. அப்பா நைட் ஷிப்ட் முடிஞ்சு களைச்சு வர்றவரா இருக்கலாம். அடுத்த பக்கத்துல அவர் உள்ள வந்ததும் பிள்ளைங்க ஓடி வருதா, எழுந்து வேற ரூமுக்குப் போகுதான்னு பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க.