மே மாத ஊட்டிப் பயணம்: களைப்போடு கிளம்பி மாட்டிக்கொள்ளும் இடங்கள்

வருஷம் முழுக்க வேலை பார்த்துவிட்டு மே மாதம் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, கடைசி வேலை நாள் ராத்திரியே காரை எடுப்பது. வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து வந்து, குளித்துச் சாப்பிட்டு, பத்து மணிக்குச் சென்னையை விட்டால் சேலம் வரும்போது மணி மூன்று, நான்கு ஆகிவிடும். உடம்பு தூக்கத்துக்கு ஏங்கும் நேரம் அதுதான். டீயும் ஜன்னல் காற்றும் கண்ணைத் திறந்து வைக்கும், கவனத்தைத் திருப்பித் தராது. மொத்தம் சுமார் 560 கி.மீ. தூரத்தில் கடைசி 50 கி.மீ. மலைப்பாதை. இரவெல்லாம் விழித்தவர் கொண்டை ஊசி வளைவுக்கு வந்து சேரும்போது அவரிடம் மிச்சமிருப்பது கொஞ்சம்தான்.

வெள்ளி இரவு தூங்குங்கள். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் நான்கு, ஐந்து மணிக்கு மேட்டுப்பாளையம். அங்கே தங்கி ஞாயிறு காலை மலை ஏறலாம். ‘ஒரு நாள் வீணாகிறதே’ என்று தோன்றினால் லீவிலேயே அந்த ஒரு நாளைச் சேர்த்துக் கேளுங்கள். திரும்பி வந்த மறுநாளுக்கும் ஒன்று. நடுவில் ஊட்டியில் ஒரு நாள் குறைந்தாலும் பரவாயில்லை.

வேன் எடுத்தாலும் இதே கணக்குதான். முந்தின இரவு வேறு சவாரி ஓட்டிவிட்டு வருகிற டிரைவரா என்று கேளுங்கள். அவருக்குப் படுக்க இடம் உண்டா என்பதை ரூம் போடும்போதே பேசிவிட வேண்டும், பேட்டா கொடுத்தால் மட்டும் போதாது. வாடகை குறைவு என்று வெள்ளை போர்டு வண்டியை எடுக்காதீர்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு விட்டு விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும்.

ரயில் டிக்கெட்: தேதிக் கணக்கில் சறுக்கல்

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பழைய நினைப்பில் ஜனவரியிலேயே தேடிப் பார்த்துக் கிடைக்காமல், அப்புறம் மறந்துபோகிறவர்கள் நிறைய. பயண நாளைச் சேர்க்காமல் 60 நாள் எண்ண வேண்டும். மே 1 ரயிலுக்கு மார்ச் 2 காலை எட்டு மணிக்குத் திறக்கும். ரயில்வேயின் டிக்கெட் தளமான ஐ.ஆர்.சி.டி.சி.யில் உங்கள் கணக்கு ஆதார் சரிபார்க்காததாக இருந்தால், திறக்கும் அந்த முதல் நாளில் டிக்கெட்டே போட முடியாது. அந்த வேலையை முந்தின வாரமே முடித்து வையுங்கள்.

மலை ரயிலில் போக நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீலகிரி எக்ஸ்பிரஸ் மே 1 இரவு சென்னையில் கிளம்பி மே 2 காலைதான் மேட்டுப்பாளையம் சேரும். அங்கிருந்து காலை ஏழு மணி வாக்கில் புறப்படும் மலை ரயிலுக்கு மே 2 தேதியில் எடுக்க வேண்டும். அதற்கான முன்பதிவு மார்ச் 3-ல் திறக்கும். இரண்டையும் ஒரே தேதியில் போட்டுவிட்டு ஸ்டேஷனில் முழிப்பதில் பயனில்லை. ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் போலப் பிடிக்கும். சின்னக் குழந்தைகள் இருந்தால் தின்பண்டமும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

‘கிடைக்காவிட்டால் தட்கல் இருக்கிறது’ என்று குடும்பப் பயணத்தில் நம்பாதீர்கள். ஒரு டிக்கெட்டில் நான்கு பேர்தான், ஆதார் ஓ.டி.பி. கட்டாயம், உறுதியான தட்கலை ரத்து செய்தால் பணம் திரும்பாது. ஐந்து வயதுக்கு மேல் பன்னிரண்டுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் படுக்கை வேண்டாம் என்று குறித்தால் அரைக் கட்டணம்தான். ஆனால் ராத்திரி முழுக்க அம்மாவோ அப்பாவோ ஒருக்களித்துப் படுக்க வேண்டியிருக்கும். ஓய்வுக்காகப் போகும் பயணத்தில் இந்த மிச்சம் தேவையில்லை.

இ-பாஸ்

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. ரூம் போட்டதும் பாஸையும் போட்டுவிடுங்கள். மலையடிவாரத்தில் உள்ள கல்லாறு சோதனைச் சாவடிக்கு முன்னால் வரிசையில் நின்றபடி, சிக்னல் இல்லாத போனில் போடப் பார்ப்பதுதான் வழக்கமான கூத்து. கடைசி நேரத்தில் வண்டி மாறினால் பழைய எண்ணுக்கு எடுத்த பாஸ் உதவாது. அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்களுக்கு இது தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சாவடியிலேயே வாங்கிக்கொள்வார்கள், எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

மலைப்பாதை

சமவெளியில் நன்றாக ஓட்டுகிறவர்கள்கூட இறக்கத்தில் ஒரே தவறைச் செய்கிறார்கள்: பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் இறங்குவது. பேடும் டிஸ்க்கும் உரசிச் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடும். அதன்பின் பெடல் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. அதற்கு முன்பே கருகிய வாடை வரும். வந்தால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளையலாம், விரிசலும் விடலாம்.

ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர், பெரும்பாலும் இரண்டாவது. என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவது தற்கொலைக்குச் சமம். ஆட்டோமேட்டிக் வண்டியில் ‘டி’-யில் விட்டுவிடாமல் ‘எல்’ அல்லது மேனுவலில் இரண்டு. பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் தாண்டியிருந்தால் கிளம்பும் முன் மாற்றுங்கள். அது ஈரத்தை இழுக்கும், பழையதாக ஆக சீக்கிரம் கொதிக்கும். ஏறிவரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஊட்டியிலிருந்து மசினகுடி போக மேப் காட்டும் குறுக்குவழி கல்லட்டி. 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்தான இறக்கம். பழக்கமில்லாதவர்கள் கூடலூர் சுற்றிப் போவதே நல்லது. மைசூரு பக்கம் போகிறவர்களுக்கு: பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்பட்டிருக்கும்.

வாந்தி வருகிற பிள்ளைக்கு மாத்திரையை முதல் வளைவில் கொடுத்துப் பயனில்லை. டாக்டரிடம் அளவு கேட்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். வெறும் வயிறும் ஆகாது, பூரி கிழங்கும் ஆகாது. இரண்டு இட்லி போதும். போன் பார்க்காமல் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்களின் சுகர், பிரஷர் மாத்திரைகள் டிக்கியில் வேண்டாம், கைப்பையில் இருக்கட்டும். இரண்டு நாள் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரூம் போடும்போது ‘ஊட்டி’ என்று பெயரில் இருந்தால் போதாது, மேப்பில் புள்ளி எங்கே என்று பாருங்கள். டவுனிலிருந்து 15 கி.மீ. தள்ளி இருக்கலாம். வெந்நீர் எந்த நேரத்தில் வரும், கார் நிறுத்த இடம் உண்டா என்று போனில் கேட்டுவிடுங்கள். மே மாதத்திலும் ராத்திரிக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் திட்டம் போடாதீர்கள். சீசன் நெரிசலில் தொட்டபெட்டாவுக்குப் போய் வரவே அரை நாள் ஓடிவிடும். சீசனில் போலீஸ் ஒருவழிப்பாதை அறிவிக்கும் நாட்களில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. அதனால் குன்னூர் பக்கம் இருக்கும் சிம்ஸ் பார்க்கையும் லாம்ஸ் ராக்கையும் ‘திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடாமல் ஏறும்போதே பார்த்துவிடுங்கள்.