ஊருக்குப் போகும்போது எந்தச் சார்ஜரை எடுத்துப் போவது?

ஐரோப்பாவிலிருந்து இலங்கைக்கோ தமிழ்நாட்டுக்கோ ஊருக்குப் போகிறவர்களுக்கு இப்போது ஒரு சார்ஜர் போதும். போன், டேப்லெட், இயர்பட்ஸ், கேமரா, பிள்ளைகளின் கையடக்க கேம் கருவி என்று எல்லாவற்றுக்கும் ஒரே டைப் சி வயர் பொருந்தும் காலம் வந்துவிட்டது. ஆனால் அதை மட்டும் நம்பிக் கிளம்பினால் போய் இறங்கிய முதல் இரவே பெரியம்மா வீட்டுச் சுவர் பிளக்கோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். எல்லாக் கருவிகளிலும் ஒரே போர்ட் வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் ஒழுங்குபடுத்தியது கருவியின் பக்கத்தை மட்டும்தான், சுவரின் பக்கத்தை அல்ல.

முதலில் சட்டத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், கடையில் பொருள் வாங்கும்போது உதவும். 2009இல் கம்பனிகளோடு விருப்ப ஒப்பந்தம் போட்டுப் பார்த்தார்கள், சுமார் 30 வகையாக இருந்த சார்ஜர்கள் 3 வகையாகக் குறைந்தன, அதற்குமேல் நகரவில்லை. அதனால் 2022 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் 602 வாக்குகளோடு சட்டமாகவே நிறைவேற்றியது, எதிர்த்தவர்கள் 13 பேர்தான். 2024 டிசம்பர் 28 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன், ஈ-ரீடர், சிறிய ஸ்பீக்கர், கீபோர்ட், மவுஸ் எல்லாவற்றிலும் டைப் சி கட்டாயம். மடிக்கணினிக்கு 2026 ஏப்ரல் 28 முதல். வேகமாகச் சார்ஜ் ஆகும் கருவி என்றால் யூஎஸ்பி பவர் டெலிவரி, சுருக்கமாக பிடி, என்ற பொது முறையையும் அது ஏற்கவேண்டும். ஒரு கம்பனி தன் சொந்த வேக முறையை வைத்திருக்கலாம், ஆனால் பொது முறையும் கூடவே இருக்கவேண்டும். எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்தது இதுதான், இது இல்லாவிட்டால் போர்ட் ஒன்றாக இருந்தும் மற்றவரின் சார்ஜரில் உங்கள் போன் ஆமை வேகத்தில்தான் ஏறும்.

ஸ்மார்ட் வாட்ச், மின்சாரப் பல்துலக்கி, ஷேவர் இதெல்லாம் பட்டியலில் இல்லை, அவற்றின் சார்ஜரைத் தனியாக எடுத்து வைக்கத்தான் வேண்டும். பழைய போனுக்கும் சட்டம் பொருந்தாது. ஐபோன் 14 வரை லைட்னிங் வயர்தான், 15இலிருந்துதான் டைப் சி.

சரி, சுவருக்கு வருவோம். மின்னழுத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், ஐரோப்பாவிலும் இலங்கையிலும் இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்தான். கனடாவிலிருந்து போகிறவர்கள் மட்டும் சார்ஜரின் முதுகில் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போன் சார்ஜர்களில் பொதுவாக இருக்கும், தலைமுடி உலர்த்தும் கருவியில் பெரும்பாலும் இருக்காது. வேறுபடுவது பின்கள்தான். இலங்கையில் புதிய வீடுகளிலும் ஹோட்டல்களிலும் பிரித்தானியா மாதிரிச் சதுரப் பின் கொண்ட 13 அம்பியர் பிளக். பழைய வீடுகளில் இன்னும் மூன்று உருண்டைப் பின் உள்ளது இருக்கும், சில வீடுகளில் அறைக்கு அறை வேறு. தமிழ்நாட்டில் உருண்டைப் பின்தான். சென்னை வழியாக யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு இரண்டும் தேவைப்படும். லண்டன்காரருக்கு இலங்கையில் இந்தத் தொல்லை குறைவு.

இரண்டு மெல்லிய பின் உள்ள ஐரோப்பியச் சார்ஜரைச் சதுரப் பிளக்கில் ஏற்றுவதற்காக, மேலே உள்ள எர்த் ஓட்டைக்குள் பேனாவோ குச்சியோ விட்டு மற்ற இரண்டு ஓட்டைகளின் மூடியைத் திறக்கிற பழக்கம் ஊரில் நிறைய வீடுகளில் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், பிள்ளைகளுக்கு முன்னால் கட்டாயம் செய்யாதீர்கள். அந்த மூடி இருப்பதே குழந்தையின் விரலும் கம்பியும் உள்ளே போகாமல் தடுக்கத்தான். பிள்ளை ஒருமுறை பார்த்தால் அடுத்த முறை தானே செய்து பார்க்கும். தமிழ்நாட்டு உருண்டைப் பிளக்கில் அதே சார்ஜர் ஏறும், ஆனால் தளர்வாக ஆடிக்கொண்டு நிற்கும், சில நேரம் பொறி தட்டும். நல்ல மாற்றுப் பிளக் ஒன்றும் இங்குள்ள எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றும் கொண்டுபோங்கள், முழுக் குடும்பத்தின் போன்களையும் ஒரே இடத்தில் போடலாம். அதில் கேத்திலையோ அயன்பொக்ஸையோ மட்டும் செருகவேண்டாம்.

சார்ஜர் வாங்குவதானால் பிடி உள்ள 65 வாட் ஒன்று, இரண்டு டைப் சி போர்ட்டும் ஒரு பழைய அகல யூஎஸ்பி போர்ட்டும் உள்ளதாகப் பாருங்கள். சாதாரண மடிக்கணினிக்கும் போனுக்கும் சேர்த்து அது போதும், இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். வயர்களில் ஒன்று கட்டாயம் ஒரு பக்கம் அகல யூஎஸ்பி, மறுபக்கம் டைப் சி உள்ளதாக இருக்கட்டும். ஊரில் வாடகைக்குப் பிடிக்கும் வேனில், பஸ்ஸில், பல விமானங்களில் இன்னும் அந்த அகல போர்ட்தான். அப்புறம் மலிவான டோர்ச், கைவிசிறி போன்றவற்றில் டைப் சி போர்ட் இருந்தாலும், உள்ளே வைக்கவேண்டிய சின்ன மின்தடையை வைக்காமல் விட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் டைப் சி உள்ள வயரைப் போட்டால் அது சார்ஜே ஆகாது. பழுதென்று எறிய வேண்டாம், அகல யூஎஸ்பி வயரில் போட்டுப் பாருங்கள்.

அன்பளிப்பாகப் போன் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சார்ஜர் இல்லாமலும் பொருளை வாங்கும் வாய்ப்பை வாங்குபவருக்குக் கொடுக்கவேண்டும் என்பதும் இந்தச் சட்டத்தில் உண்டு. ஆப்பிள் 2020இல் ஐபோன் 12 வந்தபோதே பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டது, இப்போது பலரும் அதே வழியில். பெட்டியில் ஒரு பிளக் படம் இருக்கும், அதன்மேல் குறுக்குக் கோடு போட்டிருந்தால் உள்ளே சார்ஜர் இல்லை. பக்கத்திலேயே இரண்டு எண்களோடு வாட் கணக்கும் இருக்கும், முதல் எண் குறைந்தது எவ்வளவு வாட் சார்ஜர் வேண்டும் என்பது, இரண்டாவது முழு வேகத்துக்கு எவ்வளவு என்பது. நமக்கு வீட்டில் நாலு சார்ஜர் கிடக்கும், ஊரில் மாமாவிடம் இருப்பது பழைய மைக்ரோ யூஎஸ்பி சார்ஜராக இருக்கலாம். ஆயிரம் யூரோ போனைக் கொடுத்துவிட்டு, அதை அவர் சந்தையில் வாங்கிய போலிச் சார்ஜரில் போடும்படி விடுவது சரியில்லை. சதுரப் பின் உள்ள நல்ல சார்ஜர் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

பவர் பேங்க் கட்டாயம் வேண்டும். 2025 பிப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு சிக்கியதில் இலங்கை முழுவதுமே இருண்டது, சாதாரண நாளிலும் மழைக்காற்று அடித்தால் கரண்ட் போகும். ஆனால் அதைப் பெரிய பெட்டிக்குள் வைக்கக்கூடாது, கைப்பையில் மட்டும்தான். 100 வாட்-மணி வரை அனுமதி கேட்கத் தேவையில்லை, பவர் பேங்கில் எழுதியிருக்கும் கணக்கில் ஏறத்தாழ 27,000 எம்ஏஎச், அதற்குமேல் 160 வரை விமான நிறுவனத்தைக் கேட்கவேண்டும். டுபாய் வழியாக எமிரேட்ஸில் போகிறவர்கள் கவனம், 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றுதான், விமானத்துக்குள் அதைப் பாவிக்கவும் முடியாது, அதற்குச் சார்ஜ் போடவும் முடியாது. ஏறுவதற்கு முன்பே போனை முழுவதும் ஏற்றிக்கொள்ளுங்கள்.