அக்காவும் தம்பியும் பனிச்சறுக்குக்குப் போகும்போது

உடன்பிறந்தவரோடு பனிச்சறுக்குக்குப் போனால் இரண்டாம் நாளே ஒரு பேச்சு வரும்: "உன் ஸ்கீயை ஒரு தடவை கொடு, போட்டுப் பார்க்கிறேன்." சட்டையை மாற்றிப் போடலாம், காலில் மாட்டிச் சறுக்கும் நீளப் பலகையான ஸ்கீயை மாற்றிப் போடவே கூடாது.

ஸ்கீயில் பூட்ஸைப் பிடித்திருக்கும் பைண்டிங், விழும்போது பூட்ஸை விட்டுவிட வேண்டும். எவ்வளவு விசையில் விட வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸின் அடிநீளம் ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்டு அமைக்கிறார்கள். 80 கிலோ தம்பிக்கு அமைத்ததை 50 கிலோ அக்கா மாட்டிக்கொண்டு விழுந்தால் பூட்ஸ் கழலாமல் முழங்கால் முறுக்கிக்கொள்ளும், தசைநார் கிழியலாம். தம்பி அக்காவுடையதைப் போட்டால் திரும்பும் வேகத்திலேயே ஸ்கீ கழன்றுவிடும். பாத அளவு ஒன்றாக இருந்தாலும் பூட்ஸின் மாடல் மாறினால் அடிநீளம் மாறும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் வாடகைக் கடையில் திரும்ப அமைத்துத் தரச் சொல்லுங்கள். அங்கே எடையை உள்ளபடி சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

பூட்ஸுக்குள் முழங்கால்வரை வரும் மெல்லிய சாக்ஸ் ஒன்றே ஒன்று போதும். இரண்டு போட்டால் இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். நிமிர்ந்து நின்றால் விரல்நுனி முன்பக்கத்தைத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். மடக்கும்போது குதிகால் தூக்கினால் அளவு பெரிது. புதியவருக்கு ஸ்கீ, தாடைக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரம் இருந்தால் சரி. உள்ளாடை பருத்தியில் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. சன்ஸ்கிரீனைத் தாடைக்கு அடியிலும் பூசுங்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும்.

ஒருவர் தேர்ந்தவர், மற்றவர் புதியவர் என்றால் கற்றுக்கொடுக்கும் வேலையைப் பயிற்சியாளரிடம் விட்டுவிடுங்கள். பயத்தில் புதியவர் பின்னால் சாய்வார். சாய்ந்தால் ஸ்கீயின் முன்பகுதியில் எடை இல்லாமல் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. "முன்னால் சாய், கெண்டைக்கால் முன்னெலும்பு பூட்ஸை அழுத்தட்டும்" என்று அந்நியர் சொன்னால் கேட்பார், அக்கா சொன்னால் சண்டைதான் வரும். காலையில் வகுப்பு, மதியம் இருவரும் சேர்ந்து எளிய சரிவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிவு எவ்வளவு கடினம் என்று காட்டும் குறியின் நிறத்தில் ஏமாற வேண்டாம்: ஐரோப்பாவில் பல நாடுகளில் நீலமே ஆக எளியது, வட அமெரிக்காவிலோ பச்சை வட்டம்தான் எளியது, நீலச் சதுரம் அடுத்த படி.

தேர்ந்தவர் நாலைந்து திருப்பம் இறங்கி, ஓரமாக, மேலிருந்து வருபவர் கண்ணில் படும் இடத்தில் நிற்க வேண்டும். மேட்டுக்குக் கீழே நிற்கக் கூடாது. புதியவர் வந்து சேர்ந்த நொடியே கிளம்பிவிடாதீர்கள். காத்திருந்தவருக்கு ஓய்வு கிடைத்துவிட்டது, வந்தவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

குளிரில் போன் பேட்டரி சட்டென இறங்கும். உள்பையில் வையுங்கள், பிரிந்தால், சரிவின் மேலே ஏற்றிவிடும் எந்த லிஃப்டின் அடியில் எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று காலையிலேயே பேசிவிடுங்கள். யாராவது அடிபட்டால் அவருக்குச் சற்று மேலே இரண்டு ஸ்கீயைக் குறுக்காகப் பனியில் நட்டுவிட்டு, சரிவின் பெயரையும் ஓரக் கம்பத்தின் எண்ணையும் மீட்புக் குழுவிடம் சொல்லுங்கள்.

மாலையில் தொடை நடுங்கத் தொடங்கும், சரிவும் இறுகி வழுக்கும். அப்போது ஒருவர் "போதும்" என்றால் மற்றவர் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று இழுக்க வேண்டாம். கேபிள் கார் இருந்தால் அதிலேயே இறங்கிவிடுங்கள்.